“மார்ஜின் கிளியர்” என்றால் என்ன? மார்பகப் புற்றுநோய் அறுவையில் விளிம்பு பார்க்கும் முறை

மும்பை பரேலில், எர்னஸ்ட் போர்ஜஸ் சாலையில் 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வந்து, உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் உண்டு. மருத்துவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொன்னதை, உடன் வந்தவர் வெளியே காத்திருப்பவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது பெரும்பாலும் மாறாமல் அப்படியே வந்து சேரும் சொல் ‘மார்ஜின்’. “மார்ஜின் கிளியராம்” என்று கேட்டவர்கள் நோய் உடம்பைவிட்டே போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். “மார்ஜினில் இருக்கிறதாம்” என்று கேட்டவர்களோ நோய் பரவிவிட்டது என்று அழத் தொடங்குகிறார்கள், அல்லது சர்ஜன் சரியாக வெட்டவில்லை என்று கோபப்படுகிறார்கள். இந்த மூன்று முடிவுகளில் எதையும் அந்தச் சொல் தாங்காது. அது வெளியே எடுக்கப்பட்ட ஒரு துண்டின் மேற்பரப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இந்தக் கேள்வி எப்படி வந்தது

மார்பகப் புற்றுநோய் என்றாலே மார்பகம் முழுவதையும் அகற்றுவது என்றிருந்த காலத்தில், விளிம்பைப் பற்றி இவ்வளவு கவலை தேவைப்படவில்லை. கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறிது நல்ல திசுவையும் மட்டும் எடுத்து, மீதி மார்பகத்தை விட்டுவைக்கும் மார்பகம் காக்கும் அறுவை வந்த பிறகுதான், எங்கே வெட்டுவது, வெட்டிய இடத்தில் நோய் மிஞ்சியதா என்ற கேள்விகள் முன்னுக்கு வந்தன.

அப்படி விட்டுவைப்பது பாதுகாப்பானதா என்பதை 1970களில் தொடங்கிய இரண்டு பெரிய ஆய்வுகள் சோதித்தன. ஒன்றை அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும், மற்றொன்றை இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசியும் நடத்தினார்கள். இரண்டின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. மார்பகத்தை முழுவதும் எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஒரே அளவில் உயிர்வாழ்ந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. கட்டியை எடுத்த பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 20 ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 14.3 சதவீதத்தினருக்கு, கதிர்வீச்சு பெறாதவர்களில் அது 39.2 சதவீதம். விளிம்பு சுத்தமாக இருந்தவர்களிடையேதான் இந்த ஒப்பீடு செய்யப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

வண்டு துளைத்த கிழங்கு

பொங்கலுக்கு முன் தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் விற்பனைக்கு வரும் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் சில, வண்டு துளைத்தவையாக இருக்கும். கிழங்கை முழுக்கத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள், கறுத்த இடத்தைச் சுற்றிச் சற்று நல்ல சதையையும் சேர்த்துக் குடைந்தெடுத்துவிட்டு, எடுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். துண்டின் வெட்டுமுகம் எங்கும் நல்ல நிறமாக இருந்தால், துளை அந்தத் துண்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஓரிடத்தில் கரும்புள்ளி ஒன்று வெட்டுமுகத்தைத் தொட்டு நின்றால், கத்தி துளைக்குக் குறுக்கே போயிருக்கிறது. துளையின் மறுபகுதி கிழங்கில் இன்னும் இருக்கலாம்.

அறுவை அறையில் கேட்கப்படும் கேள்வியும் இதுவே. எடுத்த துண்டின் வெளிப்புற வெட்டுமுகத்துக்கு விளிம்பு என்று பெயர். அதைத்தான் மருத்துவமனையில் மார்ஜின் என்கிறார்கள். துண்டின் வெளிப்புறமும், மார்பகத்துக்குள் உண்டான குழியின் உட்புறமும் ஒரே வெட்டின் இரு முகங்கள் என்பதால், துண்டைப் பார்த்தே குழியைப் பற்றி ஊகிக்க முடிகிறது.

ஆனால் இந்த உவமை இதற்குமேல் செல்லாது. கிழங்கில் துளை கறுத்துத் தெரியும். மார்பகத்திலோ, கட்டியின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் புற்றணுக்களைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவியும் உணர முடியாது. கிழங்கு இறுகியது, மார்பகத் திசு கொழுப்பு மிகுந்து தளர்வானது, வெளியே எடுத்து மேசையில் வைத்ததும் தட்டையாகப் படிந்துவிடும், உள்ளே இருந்தபோது ஒரு சென்டிமீட்டர் இருந்த இடைவெளி வெளியே அதைவிடக் குறைவாகத் தோன்றலாம். ஆகவே பார்வை போதாமல், வேறு வழிகள் தேவைப்படுகின்றன.

மை சொல்லும் கணக்கு

இறுதியான விடை வருவது ஆய்வகத்திலிருந்து. துண்டை எடுத்ததும் சர்ஜன் அதில் நூல்களைத் தைத்து, எது மேல்பக்கம், எது அக்குள் பக்கம் என்று அடையாளமிடுகிறார். திசுக்களை ஆராயும் மருத்துவரான பெத்தாலஜிஸ்ட், அந்த நூல்களைப் பார்த்துத் திசையறிந்து, துண்டின் வெளிப்புறம் முழுவதும் மை பூசுகிறார். பல ஆய்வகங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிறம். பிறகு துண்டு, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் ஊறுகிறது. அதன்பின் சில மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அறுக்கப்பட்டு, முக்கியமான பகுதிகள் பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகின்றன. அந்த மெழுகுக் கட்டிகளைத்தான் ‘பிளாக்’ என்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஏறத்தாழ 4 மைக்ரான் கனமுள்ள சீவல் எடுக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சாயமேற்றிய அந்தச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், உயிரணுக்களின் கருக்கள் ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். இத்தனைக்கும் பிறகு அழியாமல் இருக்கும் மை, சீவலின் ஓரத்தில் நிறக் கோடாக நிற்கும். இந்த வேலைக்குச் சில நாட்கள் ஆகும்.

பெத்தாலஜிஸ்ட் இப்போது பார்ப்பது எளிமையான ஒன்று: மைக்கோட்டுக்கும் அதற்கு மிக அருகிலுள்ள புற்றணுவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? புற்றணு மையைத் தொட்டிருந்தால் விளிம்பில் நோய் உண்டு, அதாவது மார்ஜின் பாசிட்டிவ். தொடாமல் இருந்தால் மார்ஜின் நெகட்டிவ். பேச்சில் அதையே ‘கிளியர்’ என்கிறார்கள். இதே அறிக்கையில், புற்றணு ஹார்மோனால் தூண்டப்படுமா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகளைக் குறித்து வரும் பாசிட்டிவுக்கும் இந்தப் பாசிட்டிவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

எவ்வளவு இடைவெளி இருந்தால் போதும் என்பதில் மருத்துவர்களே நெடுநாள் ஒத்துப்போகவில்லை. ஒரு மில்லிமீட்டர் போதும் என்றவர்களும், ஐந்தும் பத்தும் கேட்டவர்களும் இருந்தார்கள். 2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் அறுவை மருத்துவர் சங்கமும் கதிர்வீச்சு மருத்துவர் சங்கமும் சேர்ந்து, அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தன. ஆரம்ப நிலையிலுள்ள, சுற்றுத் திசுக்களில் ஊடுருவும் வகைப் புற்றுநோய்க்கு, அறுவைக்குப் பின் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு தரப்படுமானால், புற்றணு மையைத் தொடாமல் இருப்பதே போதும். மையைத் தொட்டிருந்தால் அதே மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்காவது கூடுகிறது. ஆனால் தொடாத நிலையில், இடைவெளியை மேலும் மேலும் அகலமாக்குவதால் அந்த வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. “இன்னும் கொஞ்சம் அதிகமாக வெட்டியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்குமே” என்று குடும்பத்தார் பேசிக்கொள்வதற்கு இந்த முடிவே பதில் என்று கருதுகிறேன்.

பால்நாளங்களின் சுவரைத் தாண்டாமல் அவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பப் புற்று ஒன்று உண்டு. அறிக்கையில் டிசிஐஎஸ் என்று எழுதுவார்கள். ஊடுருவாத வகை என்பதால் இதற்குக் குறைந்த இடைவெளியே போதும் என்று தோன்றலாம். நிலைமை நேர்மாறானது. இது நாளத்தின் போக்கிலேயே நீண்டு செல்லக்கூடியது. நடுவில் சிறிது தூரம் நாளம் நல்லதாக இருந்து, மறுபடி நோய் தொடங்குவதும் உண்டு. வெட்டுமுகத்தில் ஒன்றும் இல்லாமலே அப்பால் மிச்சம் இருக்கலாம் என்பதால், 2016இல் வந்த வழிகாட்டுதல் இதற்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விளிம்பு என்பது எடுத்த துண்டின் மைபூசிய மேற்பரப்பு, ஊடுருவும் வகையில் புற்றணு அதைத் தொடாமலும், நாளத்துக்குள் அடங்கிய வகையில் 2 மில்லிமீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும்.

கிளியர் என்றபின் கதிர்வீச்சு எதற்கு

விளிம்பில் நோய் இல்லை என்ற பிறகும் கதிர்வீச்சுக்கு, பேச்சுவழக்கில் சொன்னால் ‘கரண்ட் வைக்க’, வரச் சொல்லும்போது குடும்பங்கள் குழம்புகின்றன. ஒன்று அறிக்கை பொய், இல்லையென்றால் மருத்துவமனை தேவையில்லாமல் சிகிச்சையை நீட்டிக்கிறது என்ற சந்தேகம் எழுகிறது.

நெதர்லாந்தில் ரோலண்டு ஹாலந்து என்ற பெத்தாலஜிஸ்டின் குழு 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கட்டி ஒன்றே என்று கருதப்பட்டு, முழுவதுமாக அகற்றப்பட்ட மார்பகங்களை அவர்கள் வில்லை வில்லையாக அறுத்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவற்றில், முதன்மைக் கட்டிக்கு 2 சென்டிமீட்டருக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத சிறு புற்றுத் திட்டுகள் இருந்தன. அப்படியானால் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவை எடுத்து, விளிம்பும் சுத்தமாக இருந்த பலரிடம், சில திட்டுகள் உள்ளே தங்கியிருக்கும். முன்பு சொன்ன 39.2, 14.3 என்ற எண்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவது இந்தத் திட்டுகளே. கதிர்வீச்சு அவற்றை அழிக்கிறது. விளிம்பு சுத்தமாக இருப்பது, உள்ளே மிஞ்சிய நோய் கதிர்வீச்சாலும் மருந்துகளாலும் சமாளிக்கக்கூடிய அளவுக்குக் குறைவாக இருக்கும் என்பதற்கான அறிகுறி. ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதற்கான சான்றிதழாக அதைக் கொள்ள முடியாது. அக்குள் நெறிக்கட்டியிலோ வேறு உறுப்பிலோ நோய் இருக்கிறதா என்பதும் முற்றிலும் தனிக் கேள்வி. அதற்கான விடை விளிம்பில் இல்லை.

அறுவை நடக்கும்போதே பார்ப்பது

ஆய்வக அறிக்கை வருவதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார். விளிம்பில் நோய் இருப்பதாக அப்போது தெரிந்தால் இரண்டாம் முறை மயக்க மருந்து, இரண்டாம் முறை செலவு, அதற்குமேல் வேலைக்குப் போகாத நாட்கள். மேலைநாடுகளில் மார்பகம் காக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் நெடுங்காலம் ஐந்தில் ஒருவருக்கேனும் இப்படி மறு அறுவை தேவைப்பட்டிருக்கிறது. அதைத் தவிர்க்கவே, நோயாளி மேசையில் இருக்கும்போதே விளிம்பைப் பார்க்கும் முறைகள் உருவாயின.

இவற்றில் பழையதும் இங்கே பலரும் கேள்விப்பட்டதும் ஃப்ரோசன் செக்‌ஷன், அதாவது உறையவைத்த திசுவைச் சீவிப் பார்ப்பது. 1905இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நோயாளி மேசையில் இருக்கும்போதே கட்டி எப்படிப்பட்டது என்று சொல்ல முடியுமா என சர்ஜன் வில்லியம் மேயோ கேட்டதன்பேரில், லூயி வில்சன் என்ற பெத்தாலஜிஸ்ட் இதற்கு நம்பகமான முறையை வகுத்தார். அந்த மருத்துவமனை இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் ஜனவரிக் குளிரில், சன்னலுக்கு வெளியே திசுவை உறையவைத்து அவர் சோதித்துப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று அந்தக் குளிரைக் கிரையோஸ்டாட் என்ற கருவி தருகிறது. மெழுகில் பதிப்பதற்குப் பதிலாக, திசு ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் உறைந்து இறுகுகிறது. சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அக்குள் பக்க விளிம்பில் நோய் இருக்கிறது என்று பெத்தாலஜிஸ்ட் தொலைபேசியில் சொன்னால், சர்ஜன் அந்தப் பக்கத்தில் மட்டும் இன்னும் சிறிது எடுக்கிறார்.

இவ்வளவு வசதியிருந்தும் இதுவே கடைசி வார்த்தையாக முடியாததற்குக் காரணங்கள் உண்டு. கொழுப்பு அந்தக் குளிரில் சரியாக உறையாது. சீவும்போது கிழியும், மடியும். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் உயிரணுக்களின் வடிவைச் சிதைப்பதால், நாளத்துக்குள் அடங்கிய சிறு புற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, நேரம். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை 5 மைக்ரான் சீவல்களாக முழுவதும் பார்ப்பதென்றால் 10,000 சீவல்கள் வேண்டும். அரை மணி நேரத்தில் பார்க்க முடிவது, சந்தேகத்துக்குரிய சில இடங்களின் சில சீவல்கள் மட்டுமே. எனவே அறுவை அறையில் ‘கிளியர்’ என்று சொல்லி, பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால், யாரோ பொய் சொன்னார்கள் என்று பொருளாகாது; முதலில் பார்க்காத இடம் பிறகு பார்க்கப்பட்டிருக்கிறது.

துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுத்து, ஒட்டிக்கொண்ட உயிரணுக்களைப் பார்க்கும் முறையும் உண்டு. புற்றணுக்கள் எளிதில் ஒட்டும், கொழுப்பணுக்கள் அவ்வளவாக ஒட்டாது என்பதே அதன் அடிப்படை; விரைவானது, ஆனால் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நோய் இருக்கிறது என்று அதனால் சொல்ல இயலாது.

உயிரணுவைப் பார்க்காமல் படத்தைப் பார்க்கும் வழிகள் வேறு. எடுத்த துண்டை அப்போதே எக்ஸ்ரே எடுத்தால், மேமோகிராமில் தெரிந்த நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் எல்லாம் துண்டுக்குள் வந்துவிட்டனவா, ஏதேனும் ஓரத்தை ஒட்டி நிற்கின்றனவா என்று தெரியும். கையில் தட்டுப்படாத நோய்க்கு இது இன்றியமையாதது. கையில் தட்டுப்படும் கட்டிக்கு, வெட்டும்போதே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கட்டியின் மேல் வைத்துக்கொண்டு வழிபார்த்து வெட்டுவது நல்ல பலன் தருகிறது. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கையால் தடவி வெட்டியவர்களில் 17 சதவீதத்தினருக்கு விளிம்பில் நோய் இருந்தது. அல்ட்ராசவுண்ட் துணையுடன் வெட்டியவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே.

எந்தக் கருவியும் வேண்டாத வழி ஒன்றும் இருக்கிறது. துண்டை எடுத்தபின், குழியின் சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் மெல்லியதாக இன்னொரு அடுக்கைச் சீவி எடுத்துவிடுவது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியான ஆய்வின்படி, இப்படிச் செய்தவர்களில் விளிம்பில் நோய் 34 சதவீதத்திலிருந்து 19 ஆகவும், மறு அறுவை 21இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிய செய்திகளுக்குக் கிடைக்கும் கவனம் இந்த எளிய முறைக்குக் கிடைப்பதில்லை என்பது என் குறை.

அந்தக் கருவிகளையும் சொல்லிவிடலாம். திசுவில் ரேடியோ அலைகளைச் செலுத்தி, நல்லதையும் நோயுற்றதையும் வேறுபடுத்த முயலும் கருவி அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருக்கிறது. புற்றுத் திசுவில் ஒளிரும் மருந்தை முன்கூட்டியே ஊசியில் செலுத்தி, குழிக்குள் கேமராவால் பார்க்கும் முறைக்கு 2024 ஏப்ரலில் அங்கே ஒப்புதல் கிடைத்தது. மின்கத்தி வெட்டும்போது எழும் புகையை ஆராய்ந்து சொல்லும் கத்தியை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவாக்கினார்கள். இவை எதுவும் மெழுகு பிளாக்குக்கு மாற்றாகிவிடவில்லை. இவை இல்லாத மருத்துவமனையில் நடந்த அறுவை தரம் குறைந்தது என்று எண்ணவும் வேண்டாம்.

ஆக, அறுவை அறைச் சோதனைகள் மறு அறுவையின் தேவையைக் குறைக்கின்றன. தீர்ப்பு ஆய்வக அறிக்கையுடையது.

விடை பாதகமாக வந்தால்

பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில், நோய் தொட்ட பக்கத்தில் மட்டும் மேலும் சிறிது திசுவை எடுக்கிறார்கள். பல பக்கங்களில் தொட்டிருந்தாலோ, மேலும் எடுத்தால் மார்பகத்தின் வடிவம் குலையும் என்றாலோ, முழுவதும் எடுப்பது பற்றிப் பேசுவார்கள். நோய் முற்றிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மடல்வகைப் புற்று என்று ஒன்று உண்டு. அதன் அணுக்கள் திரண்டு கட்டியாகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ப் பரவும். அதன் ஓரத்தைத் திறமையான சர்ஜனாலும் கையால் கண்டுகொள்ள முடியாது. அத்தகையோரிடம் மறு அறுவை கூடுதலாகவே நிகழ்கிறது.

நம் நாட்டில் கட்டி பெரிதான பிறகு வருவோர் பலர் என்பதால், முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்வது பரவலாக நடக்கிறது. கட்டி சில வேளைகளில் ஒரே உருண்டையாகச் சுருங்காமல், பழைய இடத்திலேயே சிறு சிறு தீவுகளாகச் சிதறி நிற்கும். இத்தகையவர்களை 2014இன் வழிகாட்டுதல் கணக்கில் கொள்ளவில்லை. எனவே இவர்களுக்கு விளிம்பை எப்படி மதிப்பிடுவது என்பதில் மருத்துவர்கள் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் எங்கே வெட்டுவது என்றே தெரியாமல் போகும் என்பதால், கீமோ தொடங்கும்போதே கட்டிக்குள் சிறு உலோக கிளிப் ஒன்றை வைத்துவிடுவது வழக்கம்.

முதல் அறுவை ஊரிலோ புறநகரின் சிறு நர்சிங் ஹோமிலோ நடந்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு வருபவர்களிடம் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. துண்டில் திசைநூல் தைக்கப்படாமலோ, பல துணுக்குகளாகவோ ஆய்வகத்துக்குப் போயிருந்தால், விளிம்பில் நோய் இருப்பது தெரிந்தும் அது எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. குழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மறுபடி எடுக்க வேண்டியதாகிறது. ஆகவே அறுவைக்கு முன்பே, துண்டு ஒரே துண்டாக, திசை அடையாளத்துடன், போதிய ஃபார்மலினில் போகுமா என்று கேட்பதில் தவறில்லை. அறிக்கையின் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பரேலுக்கு வருபவர்களிடம் மெழுகு பிளாக்குகளையும் கண்ணாடிச் சிலைடுகளையும் கேட்பார்கள். பழைய ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து அவற்றைக் கையோடு வாங்கிவந்தால், பரேலில் உள்ள பெத்தாலஜிஸ்ட் மைக்கோட்டைத் தானே பார்த்து, மறு அறுவை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.